நேராக நிற்பதற்கு என்ன வயது?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ராமானுஜர் பிறந்த ஊர். இன்னொன்று, 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். கடந்த முப்பது வருடத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீண்டுகொண்டே போகும் கம்பெனி வரிசை. ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்த ரோட்டில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்களாகவே போகும். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ்ஸாக இருந்தால் உள்ளே பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். கார், டயர் கம்பெனி பஸ்ஸாக இருந்தால் பெரும்பாலும் ஆண்கள். இரண்டு பஸ்ஸுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர்களில் நிறைய பேர் அன்றைக்கு ஏழெட்டு மணி நேரம் நின்றவர்கள்.

"நிற்பது ஒரு வேலையா?" என்று கேட்கலாம். சம்பளச் சீட்டில் அதற்குத் தனி வரி கிடையாது. ஆனால் உடம்பின் கணக்குப் புத்தகத்தில் உண்டு.

நாம் அசையாமல் நிற்பதாக நினைப்பதே ஒரு மாயை. மனித உடம்பு தலைகீழாக நிறுத்தி வைத்த கடிகாரப் பெண்டுலம் மாதிரி. எடையின் மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் சுமார் 55 சதவீதத்தில் இருக்கிறது (பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் தாழ்வாக). அந்த எடை கணுக்காலுக்கு நேர் மேலே விழுவதில்லை, கொஞ்சம் முன்னால் தள்ளி விழுகிறது. அதனால் உடம்பு எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கிறது, கெண்டைக்கால் தசை எப்போதும் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் உடம்பு சதா ஆடிக்கொண்டே இருக்கும். கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் தசையிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் ஆகிய மூன்று இடத்திலிருந்தும் தகவல் போக, மூளை விநாடிக்கு விநாடி திருத்தம் செய்துகொண்டிருக்கும். நல்ல அக்கவுண்டன்ட் இருக்கிற கடையில் முதலாளிக்கு எதுவும் தெரியாது அல்லவா, அது மாதிரிதான். தவறு நடக்கும்போதுதான் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியும்.

இந்த மூன்று அக்கவுண்டன்ட்களையும் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1820-களில் பாரீஸில் ஃப்ளூரன்ஸ் என்ற விஞ்ஞானி புறாக்களின் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது. ஆனால் எந்தக் குழாயை வெட்டினாரோ அந்தத் திசையிலேயே தலை ஆட ஆரம்பித்தது, நேராகப் பறக்க முடியவில்லை. காது என்பது கேட்பதற்கு மட்டும் இல்லை என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. அதற்குச் சரியான விளக்கம் கிடைக்க 1870-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1840-களில் பெர்லினில் மோரிட்ஸ் ராம்பெர்க் என்ற டாக்டர் வேறு ஒரு விஷயத்தைக் கவனித்தார். முதுகுத்தண்டு நரம்பு கெட்டுப்போன நோயாளிகள் (பெரும்பாலும் மேகநோய் முற்றியவர்கள்) வெளிச்சத்தில் ஓரளவு நிற்கிறார்கள். கண்ணை மூடச் சொன்னால் விழுகிறார்கள். காலையில் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடியதும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலேயே சாய்ந்துவிடுவார்களாம். காலிலிருந்து வரும் தகவல் நின்றுபோனதால் அதுவரை கண் ஒன்றே முட்டுக்கொடுத்திருக்கிறது. இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லும் இந்தச் சோதனை இன்றைக்கும் ராம்பெர்க் பெயரில்தான் இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாத சோதனை 180 வருடமாக ஓடுகிறது என்றால் பெரிய விஷயம்தான்.

மூன்றாமவர் ராபர்ட் பாராணி. வியன்னாவில் காது டாக்டர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது பலருக்குத் தலை சுற்றியது. ஒருவர் "தண்ணீர் சில்லென்று இருக்கும்போதுதான் சுற்றுகிறது" என்கிற மாதிரி சொல்லப்போக, பாராணி அடுத்த முறை சூடான தண்ணீர் எடுத்தார். அப்போதும் சுற்றியது. ஆனால் கண்மணி ஆடிய திசை மட்டும் தலைகீழாக மாறியிருந்தது! உள்காதுக் குழாயில் இருக்கும் திரவம் சூட்டில் ஒரு பக்கமும் குளிரில் மறுபக்கமும் ஓடுகிறது என்று பிடித்துவிட்டார். 1914-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவ டாக்டராகப் போய், ரஷ்யர்களிடம் கைதியாகச் சிக்கிக்கொண்டிருந்தார். 1916-ல்தான் விடுதலை ஆனார்.

ஆக, சமநிலை எப்படி வேலை செய்கிறது என்பது முதல் உலகப் போருக்குள்ளேயே ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை பார்த்த எல்லாமே நோயாளியும் புறாவும்தான். ஒரு குறையும் இல்லாத, வேலைக்குப் போகிற சாதாரண மனிதர் எவ்வளவு ஆடுகிறார், இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் என்ன வித்தியாசம், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் பெரிய அளவில் அளக்கவில்லை. அதற்கு இன்னொரு ஐம்பது வருடம் ஆனது. ஆரோக்கியமானவரை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று நினைத்திருக்கலாம்.

இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் என்ற தொழிற்சாலை நகரம். அங்கே ஷெல்டன் என்ற டாக்டர் முதியவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பதிலேயே ஊறிப்போனவர். 1960-ல் 202 பேருடைய 500 விழுதல்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார். மாடிப்படியில் விழுந்ததா, இருட்டில் விழுந்ததா, தலையை நிமிர்த்தியபோதா என்று போலீஸ் மாதிரி விசாரணை! பிறகு 1963-ல் சிறுவர் முதல் எண்பதைத் தாண்டியவர்கள் வரை நிற்கவைத்து ஆட்டத்தை அளந்தார். கிடைத்த படம் ஒரு கிண்ணம் மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளைகள் நிறைய ஆடுகிறார்கள். பதின்வயது முடியும்போது ஆட்டம் குறைகிறது. ஐம்பதுகள் வரை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் மறுபடி ஏறுகிறது.

வயது சரி. பால்? இங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

1977-ல் ஓவர்ஸ்டாலும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் 243 முதியவர்களையும் 63 இளையவர்களையும் அளந்தார்கள். எல்லா வயதிலும் பெண்கள்தான் அதிகம் ஆடுகிறார்கள் என்று எழுதினார்கள். விஷயம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2006-ல் பின்லாந்திலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட 7,979 பேர், அதுவும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் இல்லை, நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்தவர்கள். அதில் ஆண்கள்தான் அதிகம் ஆடினார்கள்! 2007-ல் அமெரிக்காவில் 549 பேரை ஒற்றைக் காலில் நிற்கவைத்தார்கள். அவர்கள் சொன்னது, வயது முக்கியம், ஆணா பெண்ணா என்பதற்குத் தொடர்பில்லை.

மூன்று ஆய்வு, மூன்று பதில். பரீட்சையில் இப்படி எழுதினால் வாத்தியார் சும்மா விடமாட்டார் :-)

ஆனால் கொஞ்சம் யோசித்தால் இது அவ்வளவு முரண்பாடு இல்லை என்று புரியும். முதலில், உயரமானவர் அதிகம் ஆடுவார். நீளமான குச்சியை விரலில் நிறுத்தினால் அதன் நுனி அதிக தூரம் போய்வருகிற மாதிரி. ஆண்கள் சராசரியாக உயரம். அந்தக் கணக்கைக் கழிக்காமல் ஒப்பிட்டால் ஆண்கள் தள்ளாடுகிற மாதிரித் தெரியும். இரண்டாவது, ஆட்டத்தின் தூரத்தை அளப்பது ஒன்று, வேகத்தை அளப்பது இன்னொன்று, எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறார் என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே விஷயம் இல்லை. மூன்றாவது, முதிய வயதில் பெண்களின் தசைபலம் ஆண்களைவிடக் குறைவாக இருக்கிறது. அதைச் சமநிலைக் குறை என்று எழுதிவிட்டால் தப்பு நரம்பின் மேல் போய்விடும்.

அந்த 2007 அமெரிக்க ஆய்வின் எண்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியவை. கண் திறந்து, ஒற்றைக் காலில், அதிகபட்சம் 45 விநாடி. 18 முதல் 39 வயதுக்காரர்களின் சராசரி சுமார் 43 விநாடி. நாற்பதுகளில் 40. ஐம்பதுகளில் 37. அறுபதுகளில் 27. எழுபதுகளில் 15. எண்பதுக்கு மேல் 6. கண்ணை மூடிவிட்டால் இளைஞர்களே சராசரி 9 விநாடிதான்! (இதைப் படித்துக்கொண்டே எழுந்து நின்று கண்ணை மூடிப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் மேஜை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.)

எண்களை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். இருபதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை நாற்பது வருடத்தில் ஆறு விநாடி போகிறது. அறுபதிலிருந்து எண்பதுக்குள் இருபது விநாடிக்கு மேல் போகிறது. பின்லாந்து ஆய்வும் இதையேதான் சொன்னது. தேய்மானம் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது, கருவியில் தெரிகிறது, ஆனால் வேகம் எடுப்பது அறுபதை ஒட்டி. காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது வருடா வருடம் ஒரே தொகை கழிகிற தேய்மானம் இல்லை. கடைசியில் கொத்தாக எழுதப்படுகிற தேய்மானம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024-ல் ஐம்பது வயதைத் தாண்டிய 40 ஆரோக்கியமானவர்களிடம் கைப்பிடி பலம், முழங்கால் பலம், நடை, சமநிலை நான்கையும் பார்த்தது. வயதோடு மிக வேகமாகக் கரைந்தது ஒற்றைக்கால் நிற்றல்தான். பழக்கமில்லாத காலில் பத்து வருடத்துக்கு 2.2 விநாடி, பழக்கமான காலில் 1.7 விநாடி. பலத்தில் ஆண் பெண் வித்தியாசம் இருந்தது. நிற்பதில் இல்லை. சின்ன ஆய்வுதான், 40 பேரை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது. ஆனால் 2007 ஆய்வோடு ஒத்துப்போகிறது.

ஒரு கொசுறுத் தகவல். முதுமையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற நீண்டகால ஆய்வு அமெரிக்காவின் பால்டிமோரில் 1958-ல் தொடங்கியது. அதில் முதல் இருபது வருடம் பெண்களே கிடையாது. 1978-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள். மனித உடம்புக்கு எப்படி வயதாகிறது என்று இருபது வருடம் ஆண்களை மட்டும் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

இனி நம்மூர்.

சமநிலை என்றால் நம்மூரில் முதலில் ஞாபகம் வருவது கழைக்கூத்து. மூங்கில் கழை நட்டு, கயிறு கட்டி, கையில் கோலோடு நடப்பது பெரும்பாலும் சிறுமிதான். கீழே மேளம் அடிப்பது அப்பா. எடை குறைவு, பயம் குறைவு, கூட்டம் அதிகம் சேரும் என்பது அங்கே இருந்த கணக்கு. கரகாட்டம், தலையில் குடத்தின் மேல் குடம், விறகுக்கட்டு என்று சமநிலை வேலை முக்கால்வாசி பெண்கள் தலையில்தான் இருந்திருக்கிறது. தலைச்சுமையைப் பற்றி 1986-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஓர் ஆய்வு வந்து உலகத்தை ஆச்சரியப்படுத்தியது. கென்யாவின் கிகுயு, லுவோ இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தும் சும்மா நடப்பதைவிடக் கூடுதல் சக்தி செலவழிக்கவில்லை! சிறுவயதிலிருந்தே பழகிய நடை அது.

இதே சமாச்சாரம் ஒவ்வொரு கட்டட வேலையிலும் கண்முன்னே நடக்கிறது. சாரத்தில் சாய்த்த பலகை மேல் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுபவர் சித்தாள், பெரும்பாலும் பெண். நின்ற இடத்தில் பூசுபவர் கொத்தனார், கிட்டத்தட்ட எப்போதும் ஆண். யாருக்கு அதிகச் சமநிலை வேண்டும், யாருக்கு அதிகக் கூலி என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும். 'உயரத்தில் பெண்ணால் முடியாது' என்ற பேச்சு சித்தாளைப் பார்த்து வந்திருக்காது.

சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 1891-ல் பெண்களின் வேலை நேரத்துக்கு நாளைக்கு 11 மணி நேரம் என்று வரம்பு போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் உடம்புகளை வயது, பால் பார்த்துப் பிரித்தது. அதன் 22-வது பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் முதன்மை இயக்கப் பகுதியைச் சுத்தம் செய்யவோ எண்ணெய் போடவோ பெண்களையும் 18 வயது நிரம்பாதவர்களையும் விடக்கூடாது என்றது. நாற்பது வயதுப் பெண்ணும் பதினேழு வயதுப் பையனும் ஒரே தட்டில். 66-வது பிரிவு பெண்களுக்குக் காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொழிற்சாலையில் வேலை இல்லை என்றது. பாதுகாப்பு என்ற நல்லெண்ணம் இருந்தது உண்மை. ஆனால் 1948-ல் ஆரோக்கியமான பெண்ணின் சமநிலையை யாரும் அளந்திருக்கவில்லை. ஷெல்டனின் ஆய்வுக்கே இன்னும் 15 வருடம் இருந்தது.

அதே சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத 44-வது பிரிவு ஒன்று இருந்தது. நின்றே வேலை செய்ய வேண்டியவர்கள் எல்லோருக்கும் இடையில் கிடைக்கும் சந்தர்ப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாற வசதி செய்து தர வேண்டும் என்பது. இதில் ஆண், பெண், வயது எதுவுமே கிடையாது. எல்லோருக்கும் கால் இரண்டுதான் என்று அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

2000-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரவு வேலைத் தடையை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு இரவு ஷிப்ட் பெண்களுக்குத் திறந்தது. ஸ்ரீபெரும்புதூரின் பிற்காலக் கதைக்கு இந்தத் தீர்ப்பு ஓர் அஸ்திவாரம். அது வந்திராவிட்டால் மூன்று ஷிப்ட் ஓடும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி பெண்களை வைத்து நடந்திருக்காது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அது ஆண்களின் தொழிற்சாலை. 2006-ல் நோக்கியா வந்தது. அதன் லைனில் பெரும்பகுதி பெண்கள், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த கையோடு வந்தவர்கள். 2007-ல் சாம்சங். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர் லாரி தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. மறுபடி ஆண்கள் பக்கம் தராசு சாய்ந்தது. 2014 நவம்பரில் நோக்கியா மூடியது. பிறகு ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்ட ஆரம்பித்ததும் மறுபடி பஸ் பஸ்ஸாகப் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஒரு நடுத்தர டவுனின் ஜனத்தொகை, எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வயது! இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில்தான் என்று 2019-20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு சொன்னது. இது பெருமைப்பட வேண்டிய எண்தான், சந்தேகம் இல்லை.

ஆனால் ஏன் இந்த வயது? "சின்ன வயசு, கை வேகம், நின்னு வேலை செய்யத் தெம்பு" என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நின்று வேலை செய்வதைப் பற்றி 2015-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதற்கு நேர்ப் பதில் மாதிரி இருக்கிறது. 14 ஆண்கள், 12 பெண்கள். ஒரு பகுதியினர் 18 முதல் 30 வயது, மற்றவர்கள் 50 முதல் 65. லைன் வேலை மாதிரி ஐந்து மணி நேரம் நின்று வேலை, நடுவே உட்கார இடைவேளையும் உண்டு. வேலை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் கீழ்க்கால் தசை களைப்பிலிருந்து மீளவில்லை. இளையவரா முதியவரா, ஆணா பெண்ணா என்பது வித்தியாசம் செய்யவில்லை. இன்னொரு விஷயம்தான் கவலைக்குரியது. அந்த அரை மணிக்குள் "இப்போ பரவாயில்லை" என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. தசைக்குத் தெரிகிற களைப்பு ஆளுக்குத் தெரியவில்லை. கெண்டைக்கால்தான் நிற்பதன் முக்கியக் கயிறு என்று முதலிலேயே பார்த்தோம். அது களைத்த நிலையில் பஸ் படியில் கால் வைப்பவருக்கு, தான் களைத்திருப்பது தெரியாது.

இதோடு தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1997-ல் ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும் 'நேச்சர்' இதழில் எழுதியது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிய திருத்தம் நினைவிருக்கும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்தது. எதிர்ப்பு கிளம்பியது, நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அப்போது நடந்த விவாதம் சம்பளம், ஓவர்டைம், வாரத்துக்கு எத்தனை நாள் என்பதாகவே இருந்தது. 12 மணி ஷிப்ட், போக வர மூன்று மணி பஸ், குளித்துச் சாப்பிட்டுக் கிளம்ப இரண்டு மணி என்று கூட்டினால் சரியாக 17 வருகிறது. இந்தக் கூட்டலைச் சபையில் யாராவது போட்டிருக்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. சமநிலையை நிஜமாகவே சோதித்து ஆள் எடுக்கும் இடம் ஒன்று தொழிற்சாலைகளில் இருக்கிறது. ஷெட் கூரை, கிரேன் பாதை என்று உயரத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குப் பல இடங்களில் 'ஹைட் பாஸ்' கொடுப்பார்கள். அதற்கு முன் வெர்டிகோ டெஸ்ட். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்த கம்பியின் மேல் நடக்க வேண்டும். கண்ணை மூடி நிற்க வேண்டும் (ராம்பெர்க் ஐயாவேதான்!). தேறினால் ஏறலாம். இது ஆளைப் பார்க்கிற முறை. பிறந்த தேதியையும் தாலியையும் பார்க்கிற முறை இல்லை.

தாலி என்று சும்மா சொல்லவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் திருமணமான பெண்களை ஐபோன் லைன் வேலைக்கு எடுப்பதில்லை என்று விரிவான செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதை நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அந்த விவகாரத்தில் எது எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். திருமணம் ஆனதும் உள்காதில் எந்த மாற்றமும் வருவதில்லை.

கடைக்காரர்கள் பக்கம் நடந்ததையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். தி.நகர் துணிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கும் பெண்களும் பையன்களும் 2010-ல் 'அங்காடித் தெரு' படம் வந்தபோதுதான் பலர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கேரளா 2018-ல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்றது. 1948-ல் தொழிற்சாலைக்கு எழுதிய விஷயம் கடைக்கு வந்து சேர 73 வருடம்! 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. பெண்கள் தங்கள் சம்மதத்தோடு எல்லா வகை வேலையும், இரவு ஷிப்ட் உட்படச் செய்யலாம் என்பது அதில் இருக்கிறது. 22-வது பிரிவின் காலம் ஒருவழியாக முடிந்தது.

மிச்சம் இருப்பது வயது. 2006-ல் நோக்கியா லைனில் இருபது வயதில் நின்ற பெண்ணுக்கு இப்போது நாற்பது. அமெரிக்கக் கணக்குப்படி அவர் இழந்திருப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. இந்தியாவில் வயதானவர்களின் உடல்நிலையைப் பற்றி நடந்த மிகப் பெரிய ஆய்வு, 2017-ல் தொடங்கி 72,000-க்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ச் சோதித்தது. அதில் சமநிலைச் சோதனையும் உண்டு. ஆனால் அது சேர்த்துக்கொண்டது 45 வயதுக்கு மேற்பட்டவர்களை. கம்பெனி ஆள் எடுப்பது பெரும்பாலும் இருபதுகளோடு நின்றுவிடுகிறது. கணக்கெடுப்பு நாற்பத்தைந்தில் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் பதினைந்து வருடப் பெண்கள் சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், சித்தாளாகச் சாரம் ஏறுகிறார்கள், இதே கம்பெனிகளின் கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் ஒப்பந்தத்தில் நாளெல்லாம் நிற்கிறார்கள்.